பழைய டர்ட் பைக்கை வீட்டுலயே எலக்ட்ரிக்கா மாத்தணுமா? மோட்டார்ல ஆரம்பிக்காதீங்க

பெங்களூர்ல எஞ்சின் படுத்துப்போன டர்ட் பைக்குக்கு பஞ்சமே இல்ல. ஹீரோ இம்பல்ஸ் 2011ல வந்துச்சு, கொஞ்ச வருஷத்துலயே நிறுத்திட்டாங்க, இப்ப ஏதாவது ஒரு அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல மூலையில தூசி புடிச்சு நிக்கும். இல்லன்னா யாரோ ஆர்எக்ஸ் 100க்கு நாபி டயர் (பெரிய கட்டை வெச்ச மண் ரோட்டு டயர்) மாட்டி பாதியிலயே மனசு மாறி விட்டுட்டு போனதா இருக்கும். ஃப்ரேம், ஃபோர்க், வீல், பிரேக் இந்த நாலும் நேரா இருந்தா போதும், எஞ்சின் எந்த கதியில இருந்தாலும் நமக்கு கவலையே இல்ல.

இதுல எறங்குற முக்காவாசி பேரு முதல்ல மோட்டாரை ஆர்டர் பண்ணிடுறாங்க. அது வந்து சேர்ந்தப்பறம் ஃப்ரேம்ல உக்கார மாட்டேங்குது, உக்காந்தாலும் பேட்டரிக்கு எடம் இல்ல, கிடைச்ச எடத்துல சின்ன பேட்டரியை வெச்சா அது மோட்டார் கேக்குற ஆம்ப்பை குடுக்காது. அதனால நான் சொல்ற வரிசை அப்படியே தலைகீழ். ஃப்ரேம்ல எவ்ளோ எடம் இருக்கு, அதுல எவ்ளோ பேட்டரி போகும், அந்த பேட்டரி எவ்ளோ கரண்ட் தரும், அதுக்கு ஏத்த கண்ட்ரோலர் (பேட்டரி கரண்ட்டை மோட்டாருக்கு அளந்து குடுக்குற பெட்டி), கடைசியா மோட்டார்.

சட்டத்தை முதல்லயே சொல்லிடுறேன், அப்பறம் சொல்லலன்னு வரக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52வது பிரிவுப்படி ஆர்சில இருக்கறதை மீறி வண்டியை நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது. எலக்ட்ரிக் கன்வர்ஷன் கிட்டுக்குன்னு ஏஐஎஸ்-123 ஸ்டாண்டர்ட் இருக்கு, புனேல ஏஆர்ஏஐ, மானேசர்ல ஐகேட் மாதிரி எடத்துல டெஸ்ட் பண்ணி அப்ரூவல் வாங்குன கிட்டை மாட்டி ஆர்டிஓல பதிஞ்சாதான் ரோட்டுல ஓட்டலாம். வீட்டுல நாம பண்றது அந்த லிஸ்ட்ல வராது. ஆக இது சொந்த நிலத்துலயோ பிரைவேட் ட்ராக்லயோ மட்டும் ஓட்டுற வண்டி. ஓசூர் தாண்டி தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் சொந்தக்காரங்க தோட்டம் இருக்கறவங்க குடுத்து வெச்சவங்க, டாடா ஏஸ்ல ஏத்திட்டு போயிடலாம், ஆனா காட்டு எல்லைக்குள்ள மட்டும் போயிடாதீங்க. இன்னொன்னு, ஆர்சி உயிரோட இருக்கற வண்டின்னா எஞ்சினை சிவாஜிநகர் குஜிரில (பழைய பார்ட்ஸ் மார்க்கெட்) போட்டு காசு பாத்துடாதீங்க, எஞ்சின் நம்பர் ஆர்சில ஏறியிருக்கு, பின்னாடி வண்டியை விக்கவோ கேன்சல் பண்ணவோ போகும்போது கேப்பாங்க.

இப்ப வேலைக்கு வருவோம். எஞ்சினை கழட்டுறதுக்கு முன்னாடியே டேப் எடுத்து ரெண்டு அளவு குறிச்சுக்கோங்க. எஞ்சின் பக்கம் இருக்கற சின்ன ஸ்ப்ராக்கெட்டோட நடுப்புள்ளில இருந்து ஸ்விங்ஆர்ம் (பின் வீலை புடிச்சுக்கிட்டு மேல கீழ ஆடுற கை) போல்ட் நடு வரைக்கும் எவ்ளோ தூரம், மேலயா கீழயா எத்தனை எம்எம். ரெண்டாவது, செயின் ஓடுற கோடு ஃப்ரேமோட நடுவுல இருந்து பக்கவாட்டுல எவ்ளோ தள்ளி இருக்கு. ஸ்கேல் வெச்சு போட்டோவும் எடுத்துடுங்க. எஞ்சின் வெளிய வந்துட்டா இந்த அளவை எங்கயும் தேட முடியாது, மொத்த ப்ராஜெக்டும் இதை நம்பித்தான் நிக்குது, ஏன்னு கீழ சொல்றேன்.

கழட்டும்போது பெட்ரோலை முழுசா எறக்கிட்டு டேங்கை தூரமா கொண்டு போய் வைங்க. காலி டேங்க்னு நெனச்சு பக்கத்துல கிரைண்டர் போடாதீங்க, உள்ள இருக்கற ஆவிதான் புடிச்சுக்கும். அப்பறம் எஞ்சின், சைலன்சர், கார்ப், ஏர் ஃபில்டர் டப்பா, டேங்க்ல நிக்கிற பெட்ரோல் எல்லாத்தையும் எடை போட்டு கூட்டுங்க, பக்கத்து பேப்பர் கடை தராசே போதும். அந்த மொத்தம்தான் மோட்டார், பேட்டரி, கண்ட்ரோலர், பிளேட் எல்லாத்துக்கும் சேத்து உங்க பட்ஜெட். அதுக்குள்ள நின்னா பழைய ஸ்ப்ரிங்கே போதும், தாண்டுனா சஸ்பென்ஷனுக்கும் செலவு வரும்.

அடுத்து ஃப்ரேமை நல்லா பாருங்க. கீழ குழாய் எஞ்சினை சுத்தி முழுசா வந்து பின்னாடி சேந்துச்சுன்னா நல்லது. கீழ குழாயே இல்லாம எஞ்சினே நடுவுல பாலமா நிக்கிற டிசைன்னா, எஞ்சின் போனதும் ஃப்ரேம் பலமே போயிடும், அந்த எடத்துல தடிமனான ரெண்டு பக்க பிளேட் போட்டு பழைய எஞ்சின் போல்ட் ஓட்டையிலயே இறுக்கி கட்டணும். சில வண்டில ஸ்விங்ஆர்ம் போல்ட்டே எஞ்சின் கேஸ் வழியா போகும், அதுக்கு அதே அகலத்துக்கு லேத்ல ஸ்பேஸர் கடைஞ்சு வாங்கணும். பெங்களூர் பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியால சின்ன சின்ன பட்டறை எவ்ளோ வேணா இருக்கு, பல எடத்துல தமிழே பேசலாம், டிஎக்ஸ்எஃப் ஃபைல் (கம்ப்யூட்டர்ல போட்ட வரைபடம்) குடுத்தா லேசர்ல வெட்டி குடுத்துடுவாங்க. ஆனா ஃபைலை குடுக்கறதுக்கு முன்னாடி அட்டையில வெட்டி ஃப்ரேம்ல வெச்சு பாருங்க. அட்டை இலவசம், 8 எம்எம் அலுமினியம் இலவசம் இல்ல.

இப்ப அந்த ஸ்ப்ராக்கெட் விஷயம். சாதா வண்டில பின் வீல் கொஞ்சம்தான் மேல கீழ ஆடும், டர்ட் பைக்ல ரொம்ப ஆடும். மோட்டார் ஸ்ப்ராக்கெட் ஸ்விங்ஆர்ம் போல்ட்டை விட்டு தள்ளிப்போக தள்ளிப்போக, வீல் ஆடும்போது செயின் ஒரு எடத்துல விறைச்சுக்கும், இன்னொரு எடத்துல தொங்கும். விறைச்சா மோட்டார் பேரிங் போகும், தொங்குனா செயின் கழண்டு வீல்ல சிக்கும். அதனால மோட்டார் ஸ்ப்ராக்கெட் பழைய ஸ்ப்ராக்கெட் இருந்த எடத்துலயே வரணும், முடியலன்னா போல்ட்டுக்கு இன்னும் கிட்ட வரலாம், தள்ளி மட்டும் போகக்கூடாது. செக் பண்றது ஈசி. பின் ஷாக்கை கழட்டிட்டு, வண்டியை ஸ்டாண்ட்ல நிறுத்தி, செயின் மாட்டி, ஸ்விங்ஆர்மை கையால மெதுவா மேல தூக்குங்க. மோட்டார் ஸ்ப்ராக்கெட் நடு, ஸ்விங்ஆர்ம் போல்ட், பின் ஆக்ஸில் மூணும் ஒரே நேர்கோட்டுல வர்ற நிமிஷம் செயின் இருக்கறதுலயே டைட்டா இருக்கும். அந்த பொசிஷன்ல விரலால அழுத்துனா ஒரு 10 எம்எம் ஆடணும், அப்படி அட்ஜஸ்ட் பண்ணுங்க. ஷாக்கை திரும்ப மாட்டுனா செயின் லூசா தெரியும், தெரியட்டும், அதுதான் கரெக்ட். நிக்கிற நிலையில பாத்துட்டு டைட் பண்றவங்கதான் முதல் குழியிலயே செயினை அறுத்துக்கறாங்க.

பேட்டரிக்கு 72 வோல்ட் சிஸ்டம் போதும். லித்தியம் செல்லுல என்எம்சி, எல்எஃப்பின்னு ரெண்டு வகை. என்எம்சி செல்னா 20 சீரிஸ் (ஒண்ணு பின்னாடி ஒண்ணா 20 செட்), ஃபுல் சார்ஜ்ல 84 வோல்ட் வரும். எல்எஃப்பின்னா 24 சீரிஸ், ஃபுல்ல 87.6 வோல்ட். எல்எஃப்பி சூட்டை நல்லா தாங்கும், ரொம்ப வருஷம் உழைக்கும், ஆனா எடையும் எடமும் அதிகம். டர்ட் பைக்ல எடம்தான் தங்கம், அதனால முக்காவாசி பேரு என்எம்சி பக்கம் போறாங்க. உதாரணத்துக்கு மோலிசெல் பி42ஏ மாதிரி 21700 சைஸ் செல், ஒண்ணு 4.2 ஆம்ப் அவர், 70 கிராம். 20 சீரிஸ் 10 பேரலல்னா (ஒவ்வொரு செட்டுலயும் 10 செல் பக்கத்துல பக்கத்துல) 200 செல், 42 ஆம்ப் அவர், செல் எடை மட்டும் 14 கிலோ. ஏறக்குறைய 3 கிலோவாட் அவர். மண்ணுல ஓட்டும்போது கிலோமீட்டருக்கு 50 வாட் அவர்னு வெச்சு கணக்கு போட்டா 60 கிலோமீட்டர் கிட்ட வரும், ஆக்ஸிலரேட்டர்ல கை கனமா இருந்தா அதுல பாதிதான்.

எஸ்பி ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைல செல் வாங்கும்போது கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டு பாருங்க. 18650 செல் மேல 9800 எம்ஏஎச்னு அடிச்சிருந்தா கைல கூட தொடாதீங்க, அந்த சைஸ்ல நல்ல செல்லே 3500 சுத்திதான் குடுக்கும். பழைய லேப்டாப் பேட்டரில உருவுன செல்லுக்கு புது உறை போட்டும் விப்பாங்க, டார்ச் லைட்டுக்கு ஓகே, 100 ஆம்ப் இழுக்குற வண்டிக்கு கிடையாது. செல்லுங்களை இணைக்கிற நிக்கல் பட்டையிலயும் ஏமாத்து உண்டு, இரும்பு மேல நிக்கல் பூசினதை சுத்த நிக்கல்னு தலையில கட்டிடுவாங்க, ஒரு துண்டை கீறி விட்டு உப்புத்தண்ணில ராத்திரி போட்டு வைங்க, காலைல துரு புடிச்சிருந்தா இரும்பு. 10 பேரலல்ல 100 ஆம்ப் ஓடுனா ஒவ்வொரு செல்லுக்கும் 10 ஆம்ப், 0.15 எம்எம் கனத்துல 8 எம்எம் அகல பட்டை ஒத்தையா போட்டா சூடாகும், ரெண்டு அடுக்கு போடுங்க. ஸ்பாட் வெல்டிங் பழக்கம் இல்லாதவங்க, ப்ளீஸ், பேக்கை மட்டும் தெரிஞ்சவங்க கிட்ட குடுத்து கட்டுங்க. இந்த ப்ராஜெக்ட்ல காசு மிச்சம் புடிக்கக் கூடாத எடம் இது ஒண்ணுதான்.

60 வோல்ட் டிசிக்கு மேல போனாலே ஆபத்தான லெவல்னு கணக்கு, நம்மது 84. மோதிரம், வாட்ச், கை செயின் எல்லாம் கழட்டி வெச்சுட்டு உக்காருங்க, ஸ்பேனர் கைப்பிடில இன்சுலேஷன் டேப் சுத்துங்க. ஃப்யூஸ் விஷயத்துல நிறைய பேரு கோட்டை விடுறாங்க. கார் ஃப்யூஸ்ல 32 வோல்ட்னு எழுதியிருக்கும், அது இங்க உருகுனாலும் ஆர்க் (இடைவெளியில தாவுற மின் பொறி) நிக்காம எரிஞ்சுக்கிட்டே இருக்கும். வீட்டு மெயின் போர்டுல இருக்கற ஏசி எம்சிபியும் வேண்டாம், டிசில கரண்ட் ஜீரோவுக்கே வராது, அதனால ஆர்க் தானா அணையாது. டிசி 100 வோல்ட்டுக்கு மேலன்னு ஃப்யூஸ் மேலயே போட்டிருக்கணும், பேட்டரி ப்ளஸ்ல இருந்து முடிஞ்ச அளவு கிட்ட உக்காரணும்.

கண்ட்ரோலர் உள்ள பெரிய கெப்பாசிட்டர் இருக்கு. பேட்டரியை நேரா சொருகுனா டப்புனு நெருப்பு தெறிச்சு கனெக்டர் முனை கருகிடும். 100 ஓம்ஸ், 10 வாட் ரெசிஸ்டர் ஒண்ணை ஒரு புஷ் பட்டன் வழியா குடுத்து ரெண்டு செகண்ட் அழுத்திட்டு அப்பறம் கான்டாக்டரை (பெரிய கரண்ட்டை தாங்குற மெயின் ரிலே) ஆன் பண்ணுங்க, சத்தமே வராது.

கண்ட்ரோலர்ல வோட்டால், ஃபார்டிரைவர், கெல்லி இப்படி நிறைய இருக்கு, புளூடூத்லயோ கேபிள்லயோ செட்டிங் மாத்த முடியுற எதுன்னாலும் ஓகே. செட்டிங்ல ஒண்ணு மறக்காதீங்க, கண்ட்ரோலரோட பேட்டரி கரண்ட் லிமிட் எப்பவும் பிஎம்எஸ் (பேட்டரியை பாதுகாக்குற போர்டு) லிமிட்டுக்கு கீழ இருக்கணும். பிஎம்எஸ் 150 ஆம்ப்னா கண்ட்ரோலரை 100ல நிறுத்துங்க. இல்லன்னா மேடு ஏறும்போது பிஎம்எஸ் பட்டுனு கட் பண்ணும், வண்டியும் நீங்களும் பின்னாடியே உருண்டு வருவீங்க. 72 வோல்ட்டுக்கு 100 ஆம்ப்னா 7.2 கிலோவாட், கிட்டத்தட்ட 9.6 எச்பி. நம்பரை பாத்து முகம் சுளிக்காதீங்க, நின்ன எடத்துலயே முழு டார்க் (வீலை திருப்புற விசை) கிடைக்குது, மண்ணுல அதுதான் வேணும்.

மோட்டார்ல ஹப் மோட்டாரை (வீல் நடுவுலயே இருக்கற மோட்டார்) விட்டுடுங்க, பின் வீல்லயே அவ்ளோ எடையை ஏத்துனா சஸ்பென்ஷன் வேலையே செய்யாது, கல்லுல வீல் குதிச்சுக்கிட்டே இருக்கும். மிட் டிரைவ்தான், அதாவது ஃப்ரேம் நடுவுல உக்காந்து செயின் வழியா வீலை சுத்துற மோட்டார். இதுல க்யூஎஸ் 138 90எச் நிறைய பேரு போடுறாங்க, உள்ளயே வேகத்தை 2.35ல ஒரு பங்கா குறைக்கிற கியர் இருக்கு. கியர் கணக்கு சிம்பிள். 110/90-17 பின் டயர் ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட 2 மீட்டர் போகும். முன்னாடி 12 பல், பின்னாடி 48 பல்னா 4, அதை 2.35ஆல பெருக்குனா 9.4. மோட்டார் 5000 ஆர்பிஎம்ல வீல் 532 சுத்தும், அதாவது 64 கிலோமீட்டர் வேகம். தோட்டத்துக்கு தாராளம். பின் ஸ்ப்ராக்கெட்டை இன்னும் பெருசாக்குனா ஏத்தம் சூப்பரா ஏறும், மோட்டாரும் சூடாகாது. வேகத்துக்கு ஆசைப்பட்டு பல்லை குறைச்சா மோட்டார் வெந்துடும்.

முதல் தடவை பவர் குடுக்கும்போது பின் வீல் தரையை தொடவே கூடாது. கரண்ட் லிமிட்டை 20 ஆம்ப்ல வெச்சு, கண்ட்ரோலர்ல செல்ஃப் லேர்னிங்கை ஓட விடுங்க, ஹால் சென்சார் (மோட்டார் எந்த பொசிஷன்ல நிக்குதுன்னு சொல்றது) வரிசையை அதுவே கண்டுபுடிச்சுக்கும். ரிவர்ஸ்ல சுத்துனா வயரை மாத்தி மாத்தி சொருகி விளையாடாம செட்டிங்லயே திசையை மாத்துங்க. ஆக்ஸிலரேட்டர்ல மூணு வயர் வரும், அதுல கிரவுண்ட் வயர் அறுந்தா சிக்னல் மேல போயி ஃபுல் த்ராட்டில்னு கண்ட்ரோலர் நெனச்சுக்கலாம், அந்த வயரை ஹேண்டில் திரும்புற எடத்துல இழுவை இல்லாம விடுங்க. கைல கட்டுற கயிறு போட்ட கில் சுவிட்ச் கட்டாயம் வேணும், கீழ விழுந்தா கயிறு உருவி கண்ட்ரோலரும் கான்டாக்டரும் ரெண்டும் ஆஃப் ஆகணும். ரீஜெனை (மோட்டாரே பிரேக் புடிச்சு பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது) முதல்ல ஜீரோல வைங்க, எறக்கத்துல பின் வீல் லாக் ஆச்சுன்னா மண்ணுல சறுக்கிடும், ஓட்டி கை பழகுனப்பறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கலாம்.

பெங்களூர் மழை சொல்லிட்டு வராது, அதனால பேட்டரி பெட்டில வயர் உள்ள போற ஓட்டை எல்லாம் கீழ்ப்பக்கமாவே இருக்கட்டும், கேபிள் கிளாண்ட் (வயரை சுத்தி தண்ணி போகாம அடைக்கிற மூடி) போடுங்க, வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷன்ல ப்ரெஷர் அடிக்க விடாதீங்க, ஈரத்துணி போதும். முதல் ரைடு முடிஞ்சதும் மோட்டார் பிளேட் போல்ட் எல்லாத்தையும் டார்க் ரென்ச் வெச்சு திரும்ப பாருங்க, கண்டிப்பா ஒண்ணு ரெண்டு லூஸ் ஆயிருக்கும், லாக்டைட் (போல்ட் லூஸ் ஆகாம புடிக்கிற பசை) போட்டு இறுக்கி பெயிண்ட்ல கோடு இழுத்து விட்டா அடுத்த தடவை பாத்தவுடனே தெரியும். 84 வோல்ட் 10 ஆம்ப் சார்ஜர் 840 வாட்தான் தரும், இருந்தாலும் எர்த் சரியா இருக்கற 16 ஆம்ப் சாக்கெட்ல போடுங்க. வாசப்படி பக்கத்துலயும் மாடிப்படிக்கு கீழயும் சார்ஜ் போடாதீங்க, நெருப்பு புடிச்சா வெளிய ஓடுற வழி அதுதான். ரொம்ப நாள் ஓட்ட மாட்டீங்கன்னா ஃபுல்ல வைக்காம 60 சதவீதத்துல நிறுத்தி, மெயின் கனெக்டரை உருவி வைங்க.