அங்கோருக்குக் குழுவாகக் கற்கச் செல்வோருக்கு

கம்போடியாவின் அங்கோருக்குக் கல்விப் பயணம் செல்லத் தீர்மானித்த குழு முதலில் செய்ய வேண்டியது, பார்க்க நினைத்த கோயில்களின் பட்டியலைப் பாதியாகக் குறைப்பதே. ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டரில் பரந்து கிடக்கும் அந்தத் தொல்லியல் பகுதியை முழுவதும் சுற்றி முடிக்க முயன்றால், மூன்றாம் நாள் எந்தக் கோபுரம் எந்தக் கோயிலில் இருந்தது என்பதே நினைவில் நிற்காது. அங்கோர் வாட், பாயோன், தா ப்ரோம், பந்தியாய் ஸ்ரே ஆகிய நான்கும் மூன்று நாள் பயணத்திற்குப் போதும் என்பது என் உறுதியான கருத்து.

புறப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வாசிப்பைத் தொடங்குங்கள். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய அங்கோர் வாட்டின் சுற்று மண்டபத்தில் எட்டுப் பெரிய புடைப்புச் சிற்பச் சுவர்கள் உள்ளன. ஒரு சுவருக்கு இருவர் எனப் பிரித்துக் கொடுத்தால், பதினாறு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் சொல்வதற்கு ஒரு செய்தி இருக்கும். வழிகாட்டியின் பின்னால் வெறுமனே நடப்பவராக ஒருவரும் இருக்க மாட்டார்.

சூரிய உதயம் காண வந்த கூட்டம் காலை உணவுக்குக் கலைந்தபின் மண்டபத்திற்குள் நுழையுங்கள். மேற்குச் சுவரில் குருக்ஷேத்திரப் போரில் தொடங்கி, தெற்கே மன்னனின் ஊர்வலம், சொர்க்க நரகக் காட்சிகள், கிழக்கே பாற்கடல் கடைதல் என்று நடக்கும்போது, கோயில் உங்கள் இடப்பக்கம் இருப்பதைக் கவனிப்பீர்கள். வலம் வருவதற்கு நேர்மாறான இந்த வரிசையையும், கோயில் மேற்கு நோக்கியிருப்பதையும் சேர்த்துப் பார்த்து, இது மன்னனின் நீத்தார் நினைவோடு தொடர்புடையது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர். விஷ்ணுவுக்கு எடுத்த கோயில் எவ்வாறு மன்னனின் நினைவிடமாகவும் இருக்க முடியும் என்ற விவாதத்தை அங்கேயே நின்று நடத்துங்கள்.

பாற்கடல் சுவருக்கு மட்டும் முழுதாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்தில் 92 அசுரர்களும் 88 தேவர்களும் வாசுகியை இழுக்கிறார்கள். எல்லோரும் மேலே விஷ்ணுவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மலையை ஆமை தாங்கும் இடத்திற்கு அருகே குனிந்து பாருங்கள். ஓரங்களில் முழு உருவோடு நீந்தும் மீன்கள், மத்தை நெருங்க நெருங்கச் சுழற்சியின் வேகத்தில் துண்டுதுண்டாகிச் சிதறுகின்றன. கல்லில் வேகத்தைக் காட்டிய அந்தச் சிற்பியை ஒருமுறை கண்டுகொண்டவர் வேறெந்தச் சுவரையும் அவசரமாகக் கடக்க மாட்டார். கையால் மட்டும் தொட வேண்டாம். பலர் தொட்டுத் தொட்டுக் கறுத்து மினுமினுக்கும் பகுதிகளே அதற்குக் காரணம் சொல்லும்.

மகாயான பௌத்தரான ஏழாம் ஜெயவர்மனின் பாயோனில் கோபுரங்களில் செதுக்கிய பெரிய முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், வெளிச்சுவரில் உள்ள சந்தை, சேவல் சண்டை, சமையல், மீன்பிடிப்பு ஆகியவற்றையும் பாருங்கள். அவரே 1186இல் எழுப்பிய தா ப்ரோமுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். பந்தியாய் ஸ்ரேக்குக் காலையிலேயே செல்லுங்கள். 967இல் குடமுழுக்குக் கண்ட இந்தச் சிவன் கோயிலை எடுத்தவர் மன்னர் அல்லர், யக்ஞவராகர் என்ற அரசகுரு. அங்கே ஆடும் சிவனின் அருகில் எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்கும் பெண்ணைக் காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கின்றனர். தமிழ் வாசித்தவர்கள் அந்த உருவத்தின் முன் சற்றுக் கூடுதலாகவே நிற்பார்கள். அட்டவணையில் அதற்கு இடம் விடுங்கள்.

இவை வழிபாடு நின்றுபோன இடங்கள் அல்ல. அங்கோர் வாட்டின் மேற்கு வாயிலில் உள்ள எட்டுக் கை விஷ்ணுவுக்கு இன்றும் காவித் துணி சாத்தி, ஊதுபத்தி ஏற்றி வணங்குகிறார்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். துறவிகளைப் படமெடுக்க அனுமதி கேளுங்கள். பெண்கள் அவர்களைத் தொடக் கூடாது. அங்கோர் வாட்டின் உச்சி அடுக்கான பாகான் பௌத்தப் புனித நாள்களில் மூடப்படும் என்பதால், சந்திர நாள்காட்டியைப் பார்த்தே பயணத் தேதியைக் குறியுங்கள். வெயிலும் மழையும் குறைந்த நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலம் ஏற்றது.

நுழைவுச் சீட்டில் அவரவர் படம் அச்சாவதால் ஒருவர் சீட்டை இன்னொருவர் பயன்படுத்த இயலாது. மூன்று நாள் சீட்டு 2017இல் 62 டாலராக உயர்த்தப்பட்டது. பத்து நாள்களுக்குள் எந்த மூன்று நாள்களிலும் அதைப் பயன்படுத்தலாம் என்பதால் நடுவே ஓய்வு நாள் ஒன்றை வையுங்கள். கிழிந்த டாலர் தாள்களைக் கடைகளில் வாங்க மாட்டார்கள். சில்லறை கம்போடிய நாணயமான ரியெலில் வரும்.

ஒவ்வொரு மாலையும் ஒரு மணி நேரம் கூடி, அன்று தம் சுவரில் புரியாமல் போனதை ஒவ்வொருவரும் சொல்லட்டும். கடைசி நாள் காலையில் எதையும் திட்டமிடாமல், அவரவர் சுவருக்கு அந்தக் கேள்வியோடு தனியே திரும்பிச் செல்ல விடுங்கள்.