‘ரத்து செய்யவா?’ என்று கேட்டு ‘ரத்து’, ‘சரி’ என்று பட்டன் வைக்காதீர்கள்

பஸ் டிக்கெட் ஒன்றை ரத்து செய்யப் போனேன். ‘பயணத்தை ரத்து செய்யவா?’ என்று ஒரு பெட்டி வந்தது. கீழே இரண்டு பட்டன்: ‘ரத்து’, ‘சரி’. எதை அழுத்தினால் டிக்கெட் ரத்தாகும், எதை அழுத்தினால் ரத்து செய்வதே ரத்தாகும்? ஆப்களுக்கு ஃபார்ம் எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்கே அரை நிமிடம் கை ஓடவில்லை.

இது மொழிபெயர்ப்பாளரின் குற்றமில்லை. அவர் கைக்கு ‘கேன்சல்’ என்ற ஒற்றைச் சொல் எக்செல் தாளில் வருகிறது. அது எந்தப் பெட்டியில் போய் உட்காரும் என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. பட்டனிலேயே வேலையை எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது: ‘டிக்கெட்டை ரத்து செய்’, ‘வேண்டாம், இருக்கட்டும்’.

‘உறுதியா?’ என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் பாதுகாப்பு ஆகிவிட்டது என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. 2020 ஆகஸ்டில் சிட்டி வங்கி, ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் கடனுக்கு ஏறக்குறைய 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. அவர்கள் வைத்திருந்த ஃபிளெக்ஸ்கியூப் மென்பொருளில் அதைச் செய்ய ஒரு சுற்றுவழிதான் இருந்தது: முழுக் கடனையும் அடைப்பதுபோலப் பதிந்து, அசலை மட்டும் வங்கியின் உள்கணக்குக்குத் திருப்ப வேண்டும். அதற்கு ‘ஃபிரன்ட்’, ‘ஃபண்ட்’, ‘பிரின்சிபல்’ என்று மூன்று கட்டங்களிலும் டிக் வேண்டும். அசலுக்கு ‘பிரின்சிபல்’ போதும் என்று நினைத்து அதில் மட்டும் டிக் செய்தார்கள். அந்தப் பெயர்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஒருவர் பதிந்து, இருவர் சரிபார்த்த பிறகு, ரெவ்லானுக்குக் கடன் கொடுத்தவர்களுக்குப் போன தொகை ஏறக்குறைய 89 கோடி டாலர்.

எச்சரிக்கைப் பெட்டி வராமல் இல்லை. பணம் வங்கியைவிட்டு வெளியே போகும், தொடரலாமா என்று கேட்டது. வட்டி எப்படியும் வெளியே போகத்தான் வேண்டும், அதனால் ‘ஆம்’ என்றார்கள். எவ்வளவு போகிறது என்று மட்டும் பெட்டி சொல்லவில்லை. அந்த ஒரு எண் இருந்திருந்தால்? சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தர மறுத்தவர்களோடு வழக்கு நடந்து, வங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வர 2022 செப்டம்பர் ஆகிவிட்டது.

நம் ஆப்களில் அவ்வளவு பணம் போகாதுதான். ‘நீக்கவா?’ என்பதற்குப் பதிலாக ‘12 படங்களை நீக்கவா?’ என்று கேட்டாலே பாதி விபத்து நின்றுவிடும்.

அடுத்தது, அழுத்திய பிறகு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும் பட்டன். ஒரு நொடி தாண்டினால் விரல் தானாக மறுபடி அழுத்தும், பணம் இரண்டு முறை போகும். அழுத்தியதும் பட்டனை முடக்கி ‘அனுப்புகிறோம்…’ என்று காட்டுங்கள். அதோடு விட்டுவிட வேண்டாம். நெட் அறுந்து பக்கத்தைத் திரும்பத் திறந்தால் அந்தப் பூட்டு போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வரே அதை ஏற்காமல் விட வேண்டும்.

‘தவறான உள்ளீடு’ என்ற பிழைச்செய்தியை எழுதியவர் எதையும் சொல்ல விரும்பாதவர். எந்தக் கட்டம், என்ன தவறு, எப்படித் திருத்துவது, மூன்றும் அந்தக் கட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும். சிவப்புக் கோடு மட்டும் போட்டால் நிறக்குருடு உள்ளவருக்கு அது தெரியாமலே போகலாம். அப்புறம், போன் நம்பரில் இடைவெளி விட்டதற்காக ஆளைத் திட்டாதீர்கள். அதை நீக்க நிரலில் ஒரு வரி போதும்.

சரி, என் பங்கு. நான் எழுதிய முதல் படிவத்தில் ‘சமர்ப்பி’யை ஒட்டி, அதே நீலத்தில், ‘மீட்டமை’ (ரீசெட்) என்று ஒரு பட்டன் வைத்திருந்தேன். வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல்லில் அந்த வசதி இருந்தது, வைத்தேன், அவ்வளவுதான். ஒரு நாள் ஒரு அம்மா போன் செய்தார்: “இருபத்திரண்டு கட்டமும் அடிச்சு முடிச்சேன் தம்பி, எல்லாம் காணாமப் போச்சு. மறுபடி முதல்லேர்ந்தா?” அன்று மாலையே அந்தப் பட்டனை எடுத்துவிட்டேன். அது எங்கே போயிற்று என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.