அம்மா வெச்ச அலாரம் தம்பி போன்ல அடிச்ச கதை

எங்க வீடு கடலூர் மஞ்சக்குப்பம். ராத்திரி நாலு போனும் டிவி ஸ்டாண்ட் மேல ஒரே ப்ளக் பாயின்ட்ல சார்ஜுக்கு கெடக்கும். காலைல அப்பாவ ஜிப்மர் கூட்டிட்டு போகணும்னு அம்மா மாவு கையோட, போன்ல குரலுக்கு வேலை செய்யுற கூகுள் அசிஸ்டென்ட்கிட்ட நாலு மணிக்கு அலாரம் வைனு சொன்னாங்க, பதில் குரலும் வந்துச்சு, ஆனா வெச்சது தம்பி போன், அவன் அத எடுத்துட்டு சிப்காட்டுக்கு நைட் ஷிப்ட் போய்ட்டான். நாங்க எழுந்திரிச்சப்போ மணி ஆறு. அப்பாவுக்கு கஷ்டமாயிடுச்சு, எனக்கு அத விட.

அன்னிக்கே உக்காந்து பாத்தேன். 'ஹே கூகுள்'னு கூப்பிடுற சொல்லு எங்க எல்லா போன்லயும் ஒண்ணுதான், அத போன் எப்பவும் காதுல வாங்கிட்டே இருக்கும், குரல் அடையாளம் மட்டும்தான் யாரோடதுனு பிரிக்கும். அதுவும் முழு காவல் இல்ல, ஒரே வீட்டு குரல்னா ஏமாந்துடும். முக்கியமான தப்பு நான் பண்ணதுதான், தம்பி வாங்குன போன் அம்மாவோட பழசு, அவங்க குரல அழிக்காமலே குடுத்துருக்கேன்.

தம்பி போன்ல அசிஸ்டென்ட் செட்டிங்ஸ்ல வாய்ஸ் மேட்ச், அதான் அந்த குரல் அடையாளம், அதுக்குள்ள போய் அம்மாவோட பழைய வாய்ஸ் மாடல டெலிட் பண்ணேன். சத்தம் இல்லாம இருக்க ரூம் ஃபேன ஆஃப் பண்ணிட்டு, அம்மா போன்ல மட்டும் அவங்க குரல திரும்ப பதிவு பண்ணேன், மத்த மூணுலயும் கூப்பிட்டா முழிக்கிறதயே ஆஃப் பண்ணிட்டேன், வேணும்னா பட்டன அழுத்திக்கலாம். ரெண்டு வாரமா அம்மா கூப்பிட்டா அவங்க போன் மட்டும்தான் பேசுது.