காலும் காலப்பிரமாணமும்: லூப் பெடலுடன் பேஸ் கிட்டார் பயிற்சி

லூப் பெடல் என்பது நாம் வாசித்ததைப் பதிந்துகொண்டு, நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் சிறு பெட்டி. ஒருமுறை மிதித்தால் பதிவு தொடங்கும். மறுமுறை மிதித்தால் பதிவு முடிந்து, அந்தக் கணத்திலேயே சுற்று ஓடத் தொடங்கும். பலர் இதை மேடைக்கான கருவியாகவே பார்க்கிறார்கள். ஆனால் பேஸ் வாசிப்பவருக்கு, தனியாக அமர்ந்து பயிலும் நேரத்தில்தான் இது பெரிதும் உதவுகிறது என்பது என் உறுதியான எண்ணம். காலப்பிரமாணத்தைத் தாங்கி நிற்பது பேஸின் முதல் கடமை. அதில் நேரும் பிழையை இந்தப் பெட்டி சிறிதும் மறைக்காமல் நம் காதுக்கே திருப்பித் தந்துவிடும்.

இணைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்ரஸர், ஓவர்டிரைவ் போன்று ஒலியை மாற்றும் வேறு பெடல்கள் இருந்தால் அவற்றுக்குப் பின்னால், வரிசையின் கடைசியில் லூப் பெடலை வையுங்கள். அப்படி வைத்தால், பதிந்த சுற்றின் ஒலியைப் பாதிக்காமல் நேரடி வாசிப்பின் ஒலியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பதிவு முடிந்ததும் அதன்மேல் அடுத்த அடுக்கைப் பதியத் தொடங்குவதா, வெறுமனே ஒலிப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வசதி உங்கள் பெடலில் இருந்தால், தொடக்கத்தில் ஒலிப்பதையே தேர்ந்தெடுங்கள்.

முதல் சில நாள்கள் கைக்கு அல்ல, காலுக்குத்தான் பயிற்சி. சீராகத் தட்டொலி தரும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 பீட்டில் (தட்டில்) வையுங்கள். நாற்காலியில் அமர்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதம் மட்டும் அசையும்படி பெடலை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். தாளம் தட்டும் காலும் பெடலை மிதிக்கும் காலும் வேறுவேறாக இருப்பது நல்லது. ஒரே கால் இரண்டையும் செய்தால், மிதிக்க வேண்டிய தருணத்தில் தாளம் தடுமாறும். ஒரு பார் (நான்கு பீட் கொண்ட அளவு) முழுவதையும் வாய்விட்டு எண்ணிவிட்டு, அடுத்த பாரின் முதல் பீட்டில் மிதித்துப் பதிவைத் தொடங்குங்கள். நான்கு பார் வாசித்து முடித்து, ஐந்தாவது பாரின் முதல் பீட்டில் மீண்டும் மிதியுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: நான்காவது பாரின் கடைசி பீட் ஒலித்தவுடனேயே மிதித்துவிடுகிறார்கள், சுற்றில் ஏறத்தாழ ஒரு பீட் குறைந்துவிடுகிறது. கடைசி பீட்டுக்கும் அதற்குரிய முழு நீளம் உண்டு.

இந்தத் துல்லியம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 80 வேகத்தில் ஒரு பீட் 0.75 நொடி, நான்கு பாரில் 16 பீட், ஆக ஒரு சுற்று 12 நொடி. கால் 0.05 நொடி மட்டும் தாமதித்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் அது காதுக்கே எட்டாது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அதே பிழை கூடிக்கொண்டே போவதால், 15 சுற்றுகளில், அதாவது சுமார் மூன்று நிமிடங்களில், உங்கள் லூப் மெட்ரோனோமை விட்டு முழுதாக ஒரு பீட் விலகியிருக்கும். ஆகவே மெட்ரோனோமை நிறுத்தாமல் ஓடவிட்டு, லூப் அதனோடு எத்தனை சுற்று ஒட்டிவருகிறது என்று கேளுங்கள். விலகத் தொடங்கியதும் அழித்துவிட்டு மறுபடி பதியுங்கள்.

சுற்று இணையும் இடத்தில் ஒலி வெட்டுப்பட்டாற்போல் கேட்டால், குற்றம் பெரும்பாலும் கையினுடையது. மிதிக்கும் நொடியில் கையும் நின்றுவிடுகிறது. பதிவை முடிக்க மிதிக்கும்போது கையை நிறுத்தாமல், அடுத்த சுற்றின் முதல் சுரத்தையும் வாசித்தபடியே கடந்து செல்லுங்கள். இணைப்பு தானாகவே மறையும்.

இப்படிப் பதிந்த பேஸ் வரிசையைக் கேட்கும்போது கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள். எந்தச் சுரம் முந்துகிறது, எது தேவைக்கு மேல் நீள்கிறது, தந்தி மாறும்போது எங்கே தேவையற்ற உரசல் எழுகிறது என்பதெல்லாம் வாசிக்கும்போது கேட்காதவை; கை சும்மா இருக்கும்போது தெளிவாகக் கேட்கும்.

காலும் கையும் ஒத்துப்போன பிறகே துணைக்குக் கார்ட் (சேர்ந்தொலிக்கும் சுரங்களின் தொகுதி) பதியும் கட்டத்துக்கு வர வேண்டும். பேஸின் தடித்த ஈ தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்தத் தாழ்ந்த பகுதியில் இரண்டு சுரங்களை நெருக்கமாக அடுக்கினால் கலங்கிய முழக்கம்தான் மிஞ்சும். ஆகவே கார்ட்டுக்குப் பெயர் தரும் மூலச் சுரத்தை விட்டுவிட்டு, அதன் தன்மையைச் சொல்லும், மூலத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாம், ஏழாம் சுரங்களை மட்டும் டி, ஜி ஆகிய இரு மெல்லிய தந்திகளில் பதியுங்கள். டி மைனர் 7 ஒரு பார், ஜி 7 ஒரு பார், சி மேஜர் 7 இரண்டு பார் என்ற வரிசையை எடுத்துக்கொள்வோம். முதல் கார்ட்டுக்கு இரண்டு தந்திகளிலும் 10ஆம் ஃப்ரெட் (கிட்டாரின் கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பி). ஜி 7 வரும்போது டி தந்தியில் மட்டும் 9க்கு இறங்குங்கள். சி மேஜர் 7க்கு ஜி தந்தியிலும் 9க்கு இறங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு விரல், ஒரே ஒரு ஃப்ரெட் நகர்வு. மூன்று கார்ட்டும் வந்துவிடுகின்றன. இதை முதன்முதலில் கண்டுகொண்ட நாளில் அந்த இரண்டு சுரங்களையே வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூலச் சுரம் பதிவில் இல்லாததால், அதைச் சொல்லும் பொறுப்பு இப்போது உங்களுடையது. முதல் சில சுற்றுகளில் ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் மூலச் சுரத்தை மட்டும் வாசித்து, அது பார் முடியும்வரை ஒலிக்கட்டும். பிறகு ஐந்தாம் சுரத்தைச் சேருங்கள். அதன்பின் ஒவ்வொரு பாரின் கடைசி பீட்டிலும், அடுத்து வரும் மூலச் சுரத்துக்கு ஒரு ஃப்ரெட் மேலோ கீழோ உள்ள சுரத்தைத் தொட்டு அதற்குள் நுழையுங்கள். லூப்பின் ஒலியளவு உங்கள் நேரடி வாசிப்பைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும். அடுக்குகள் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

இது கைவந்ததும், அதே வரிசையை மறுபடி பதியுங்கள்; ஆனால் நான்காவது பாரில் கார்ட்டின் ஒலியை அடக்கி, அந்தப் பாரை முழு மௌனமாக விட்டுப் பதிவை முடியுங்கள். மெட்ரோனோமையும் நிறுத்திவிடுங்கள். லூப் மூன்று பார் உங்களுடன் வரும், நான்காவதில் உங்களைத் தனியே விட்டுவிடும். அந்த ஒரு பாரை நீங்களே சுமந்து சென்று வாசிக்கும் முதல் சுரமும், திரும்பி வரும் கார்ட்டும் ஒரே கணத்தில் ஒலிக்கின்றனவா என்று கேளுங்கள்.