பிளாக் காரிடாரில் 5.9 ரூட் ஒன்றை லீட் ஏறி இறங்குவது எப்படி

லாஸ் வேகாஸுக்கு மேற்கே உள்ள ரெட் ராக் கேன்யனில், காலிக்கோ குன்றுகளுக்குள் பிளாக் காரிடார் என்றொரு இடுக்கு இருக்கிறது. இருபுறமும் மணற்பாறைச் சுவர், 5.8 முதல் 5.11 வரை கடின அளவுள்ள (எண் கூடக் கூடக் கடினம்), போல்ட் (கயிறு மாட்டப் பாறையில் பதித்த உலோகப் பிடிமானம்) அடித்த குட்டையான ரூட்டுகள் (ஏறும் பாதைகள்), நாளின் பெரும்பகுதி நிழல். ஜிம்மில் லீட் ஏறவும் (கயிற்றைக் கீழிருந்தே கொண்டுபோய் வழியிலுள்ள போல்ட்டுகளில் மாட்டிக்கொண்டே ஏறுவது) பெலே கொடுக்கவும் (கீழே நின்று கயிற்றைப் பிடித்துக் காப்பது) தெரிந்தவர், வெளியே பாறை ஏறத் தொடங்க நல்ல இடம்.

அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 8 முதல் மாலை 5 மணிக்குள் நுழைய முன்பதிவு வேண்டும். உள்ளே 13 மைல் ஒருவழிச் சாலை. பிளாக் காரிடாருக்கான இரண்டாவது வண்டி நிறுத்தத்தைக் கோட்டைவிட்டால் முழுச் சுற்றும் போய்த்தான் திரும்ப வர முடியும்.

மழை பெய்திருந்தால் ஏறவே கூடாது. இந்த மணற்பாறை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மணலைப் பிணைத்திருக்கும் பசை இளகிப் பிடிகள் உடையும், போல்ட்டும் பிடுங்கிக்கொள்ளலாம். மேற்பரப்பு காய்ந்திருப்பதை நம்ப வேண்டாம். சுவரடி மண்ணை விரலால் தோண்டிப் பாருங்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு வேறு வேலை. 24 முதல் 72 மணி நேரம் காத்திருப்பது வழக்கம்.

கொண்டுபோக வேண்டியவை: 60 மீட்டர் கயிறு, பத்து குவிக்டிரா (போல்ட்டில் கயிற்றை மாட்டும் இரட்டைக் கொக்கிப் பட்டை), ஆங்கருக்கு (ரூட்டின் உச்சியிலுள்ள பிடிமானம்) தனியாக இரண்டு, பூட்டுள்ள கேரபினர் (உலோகக் கொக்கி), டெதர் (உடலை ஆங்கரில் மாட்டும் பட்டை), ஹெல்மெட், முதல் போல்ட்டுக்கு ஸ்டிக் கிளிப் (தரையில் நின்றே மாட்ட உதவும் கம்பு). பெலேயர் பக்கக் கயிற்று நுனியில் முடிச்சு போட்டாக வேண்டும், ரூட் எவ்வளவு குட்டையானாலும்.

கருமையாக மினுங்கும் பாறைத் தோல் கெட்டியானது, விளிம்புகள் கூர்மையாகக் கிடைக்கும். வெளிறிய பகுதி மென்மையானது. தகடு போல நிற்கும் பிடியை விரல் முட்டியால் தட்டுங்கள். பொள்ளென்று ஒலித்தால் விட்டுவிடுங்கள். வேறு வழியில்லையென்றால் கீழ்நோக்கி மட்டும் இழுங்கள், வெளிப்புறமாக வேண்டாம்.

ஆபத்து அதிகம் இரண்டாவது, மூன்றாவது போல்ட்டில்தான். தலைக்கு மேல் எட்டி கிளிப் செய்ய (குவிக்டிராவில் கயிற்றை மாட்ட) நிறையக் கயிறு இழுப்பீர்கள். அந்த நொடியில் கை நழுவினால் தரையைத் தொட்டுவிடலாம். நல்ல பிடி கிடைக்கும் வரை ஏறி, போல்ட் இடுப்பருகே வரும்போது கிளிப் செய்யுங்கள். பெலேயர் சுவரை ஒட்டி, ஏறுபவருக்கு நேர்க்கீழே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்கட்டும். பின்னால் தள்ளி நின்றால் கயிறு கூடுதலாகத் தொங்கும், விழுந்தவரின் எடை பெலேயரையும் சுவர்மேல் இழுத்து மோதவிடும்.

மேலே போனதும் ஆங்கரின் இரண்டு போல்ட்டிலும் உங்கள் குவிக்டிராவை மாட்டி, அதன்வழியே இறங்குங்கள். மற்றவர்கள் டாப்ரோப் (ஏற்கெனவே மேலே மாட்டிய கயிற்றில்) ஏறுவதும் அதில்தான் நடக்கட்டும். மணல் ஏறிய கயிறு அரம் மாதிரி ஆங்கர் வளையத்தை ராவிவிடும்.

கடைசியாக ஏறுபவர் கழற்றும் முறை: டெதரால் ஆங்கரில் மாட்டிக்கொள்ளுங்கள். பெலே தொடரட்டும். கொஞ்சம் கயிறு வாங்கி, இரட்டை மடிப்பாக இரு வளையங்களுக்குள்ளும் நுழைத்து, மடிப்பில் எட்டு வடிவ முடிச்சுப் போட்டு, பூட்டுள்ள கேரபினரால் பெலே லூப்பில் (இடுப்புப் பட்டையின் முன் வளையம்) மாட்டிப் பூட்டுங்கள். பெலேயரை இழுக்கச் சொல்லி எடையைக் கயிற்றில் ஏற்றிப் பாருங்கள். தாங்குகிறதா? அதன் பிறகே இடுப்புப் பட்டையில் உள்ள பழைய முடிச்சை அவிழ்த்து நுனியை வளையங்கள் வழியே இழுத்துவிடுங்கள். டெதரையும் குவிக்டிராக்களையும் கடைசியில் கழற்றுங்கள். மடிப்பு நுழையாத சிறிய வளையம் என்றால் இந்த முறை செல்லாது. கயிற்றை அவிழ்த்துக் கோக்கும் முறையைத் தரையிலேயே பழகியிருக்க வேண்டும். வளையத்துக்குப் பதில் கொக்கி இருந்தால் இரண்டிலும் கயிற்றை மாட்டினால் போதும்.

இந்தக் கட்டத்தில் விபத்துகள் பெரும்பாலும் பேச்சுக் குழப்பத்தால் வருகின்றன. மேலே இருப்பவர் ராப்பல் பண்ணப்போகிறார் (பெலே இல்லாமல் தானே கயிற்றில் இறங்குவது) என்று நினைத்துப் பெலேயர் கயிற்றைக் கழற்றிவிடுவார்; மேலே இருப்பவர் அவரை நம்பிச் சாய்வார். ராப்பல் இல்லை, கயிற்றில்தான் இறக்குகிறோம் என்று தரையிலேயே பேசி முடியுங்கள். இடுக்கில் பக்கத்து அணிகளின் குரலும் எதிரொலிக்கும். ஒவ்வொரு கட்டளையோடும் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுங்கள்.

இறங்கியதும் கயிற்றை உருவுவதற்கு முன், நுனி முடிச்சை அவிழ்த்துவிட்டு, “கயிறு!” என்று சத்தம் கொடுங்கள். அதோடு கல்லும் வரும்.