சக்கரத்தின் பூர்வீகம் தேடும்போது சறுக்கும் இடங்கள்

சமஸ்கிருத சக்ர, கிரேக்க குக்லோஸ், ஆங்கில வீல் மூன்றும் ஒரே மூலச் சொல்லிலிருந்து கிளைத்தவை. இந்த மூன்று மொழிகளுக்கும் பொதுத் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இருந்த அந்தச் சொல்லை *க்வெக்வ்லோஸ் என்று எழுதுவார்கள். ‘சுழல்’ என்று பொருள்படும் *க்வெல் என்ற வேர் இரட்டித்துப் பிறந்த பெயர்ச்சொல் அது. முன்னால் நிற்கும் நட்சத்திரக் குறியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த வடிவம் எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் இல்லை, கிளைமொழிகளை ஒப்பிட்டு மீட்டது என்பதற்கு அந்தக் குறிதான் அடையாளம். தயவுசெய்து விடாதீர்கள்.

‘வீல்’ சமஸ்கிருதத்திலிருந்து வந்தது என்பதும் தவறு. இரண்டும் உடன்பிறப்புகள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு, காதை மட்டும் நம்புவது. சக்ரவும் வீலும் கேட்பதற்கு ஒட்டவே ஒட்டாது. ஆனால் வீலின் பழைய ஆங்கில வடிவம் ஹ்வேயோல். மூலத்தின் ‘க்வ’ ஆங்கிலக் கிளையில் ‘ஹ்வ’ ஆகும். லத்தீன் க்வோட், ஆங்கிலத்தில் வாட். அதன் பழைய வடிவம் ஹ்வெத். சமஸ்கிருதத்திலோ எகரத்துக்கு முன் அது ‘ச’ ஆகும். லத்தீனில் ‘உம்’ என்ற பொருளில் வரும் க்வே, சமஸ்கிருதத்தில் ச. அப்புறம் எகரம் அகரமாகி, லகரம் ரகரமாகி, சக்ர. இப்படிச் சொல்லுக்குச் சொல் ஒரே ஒழுங்கில் நடக்கும் மாற்றம்தான் உறவுக்குச் சாட்சி.

மறுபக்கம், நம் ‘உருள்’ ஆங்கில ‘ரோல்’ போலவே ஒலிக்கிறது. ரோல், ‘சிறு சக்கரம்’ என்ற லத்தீன் ரோட்டுலாவிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. உருள் திராவிடச் சொல். உறவே இல்லை.

வந்த வழியையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்துக்கு வீல் பரம்பரைச் சொத்து. சைக்கிளோ கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்த கடன். தமிழின் சக்கரமும் கடன்தான். அதை வைத்துத் தமிழை இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் சேர்க்க முடியாது. நூல் நூற்கும் சர்க்கா இன்னும் அழகான உதாரணம்: பாரசீக ‘சர்க்’கிலிருந்து வந்த அது, சக்ரவின் ஈரானிய உறவு.

பொருள் நகர்ந்தாலும் விலக்கிவிடக் கூடாது. மேற்குச் சீனத்தின் தாரிம் படுகையில் கிடைத்த ஏடுகளின் மொழி தொக்காரியம், அழிந்துபோன ஓர் இந்தோ-ஐரோப்பிய மொழி. அதில் இதே மூலத்திலிருந்து வந்த கொகலே என்றால் தேர், வண்டி.

கடைசியாக, இந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து மூலமொழி பேசியவர்களுக்குச் சக்கரம் தெரியும் என்று முடிவு கட்டாதீர்கள். ‘சுழல்வது’ என்று கிளைகள் தனித்தனியாகவே பெயர் வைத்திருக்கலாம். அச்சுக்கு சமஸ்கிருத அக்ஷ, லத்தீன் ஆக்ஸிஸ். நுகத்துக்கு யுக, யுகும். இவையும் சேரும்போதுதான் அந்த வாதம் வலுப்பெறுகிறது.