வார இறுதி நிகழ்ச்சிப் பட்டியலைத் தப்பில்லாமல் போடுவது எப்படி?

புதன்கிழமை திரட்டத் தொடங்குங்கள். அதற்கு முன் எடுத்த தகவலில் நேரமும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும்.

நாள், நேரம், இடம், கட்டணம், முன்பதிவு, விசாரிக்க ஒரு எண். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நடத்துபவரிடமே கேளுங்கள். கைமாறி வந்த போஸ்டரை அப்படியே போடாதீர்கள். போன வருஷத்துப் போஸ்டர் மறுபடி சுற்றுவது சகஜம். பிடிக்க எளிய வழி, தேதியையும் கிழமையையும் நாட்காட்டியோடு ஒப்பிடுவதுதான். மார்ச் 14 என்பது 2026-இல் சனி, 2025-இல் வெள்ளி. 365 நாள் என்பது 52 வாரமும் ஒரு நாளும் என்பதால் கிழமை தள்ளிப்போகும், பழைய போஸ்டர் மாட்டிக்கொள்ளும்.

‘மாலை 6 மணி’ என்றால் கதவு திறப்பதா, நிகழ்ச்சி தொடங்குவதா? கேட்டு எழுதுங்கள். ‘நள்ளிரவு 12’ வேண்டவே வேண்டாம், எந்தத் தேதி என்று குழப்பும், 11.59 என்று போடுங்கள். பெரிய வளாகமென்றால் எந்த வாசல், எந்த மாடி என்பதும் வேண்டும். ‘இலவசம்’ என்றாலும் முன்பதிவு தேவைப்படலாம். இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

பலகையில் ஒட்டுவதானால் தலைப்பெழுத்து 2.5 செ.மீ. உயரம் இருக்கட்டும், 3 மீட்டரிலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம்.

ரத்தானதை நீக்காதீர்கள். குறுக்கே கோடு போட்டு ‘ரத்து’ என்று எழுதுங்கள். நீக்கிவிட்டால், முதலில் பார்த்தவர்கள் கிளம்பி வந்துவிடுவார்கள்.